ராக்காயி கிழித்த கோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ராக்காயியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது கங்காணி யாரையாவது தாயைச் சொல்லித் திட்டினால், திட்டு வாங்கியவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். பதில் ராக்காயியிடமிருந்து வரும். எங்களுக்கெல்லாம் ஓட்டு இல்லை என்று ஆன வருஷம், ஆண்களே முணுமுணுத்துவிட்டு மலைக்குப் போனபோது, "அப்ப எங்க கையில கொழுந்து பறிக்க மட்டும் எப்படி ஒத்துக்கிறீங்க?" என்று பெரிய கிளாக்கரின் முகத்துக்கு நேரே கேட்டவள் அவள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் பதினெட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அவள் மேல் கோபமில்லை. எங்கள் மேல்தான் கோபம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த நான்கு லயத்திலும் அந்த விஷயம் தெரியாத பெரியவர் ஒருவர்கூட இல்லை.

கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆனைப்பாறைத் தோட்டத்தில் அந்த நாளில் பெரியகங்காணி நல்லமுத்து வைத்ததுதான் சட்டம். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் அழகுமுத்துவுக்கும் அவர் மனைவி ராசம்மாவுக்கும் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. இளையவன் வீரய்யா. பதினெட்டு வயது ராக்காயி அந்த வீட்டுக்கு மிளகாய் இடிக்கப் போய்வருவாள். கல்யாணம் கட்டிக்கொள்கிறேன் என்று வீரய்யா அவளிடம் சொன்னான். அவளுக்கு ஐந்தாம் மாதம் ஆனபோது அவனை நுவரெலியாவில் ஒரு மரக்கறிக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

1943இல் பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் ராசம்மாவே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். நல்லமுத்து ராக்காயியின் அப்பனைக் கூப்பிட்டு, பிள்ளை அழகுமுத்துவின் பிள்ளையாக வளரும் என்றும், வெளியே ஒரு சொல் வந்தால் குடும்பத்துக்கே பத்துச்சீட்டு என்றும் சொன்னார். பத்துச்சீட்டு என்றால் அன்றைக்கே தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். பெரியகங்காணி விரட்டிய குடும்பத்தை அடுத்த தோட்டத்துக்காரன் சேர்ப்பது லேசல்ல. தோட்டத்து ஆபீஸில் தாய் ராசம்மா, தகப்பன் அழகுமுத்து என்று பதிந்தார்கள். நாகலெட்சுமி என்று பெயர் வைத்தார்கள்.

புட்டிப்பால் ஒத்துக்கொள்ளாததால், பால் கொடுக்க மட்டும் ராக்காயியைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். மூன்று மாதம் போய்வந்தாள். பேச்சு வந்ததும் அந்தப் பிள்ளை, அந்த வீட்டார் கூப்பிடுகிற மாதிரியே, "ஏய் ராக்காயி" என்று கூப்பிட்டது. இவள் "என்னா பாப்பா" என்றாள். வளர்ந்த பிறகும் அப்படித்தான்; நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டே குழாயடியில் தண்ணீர் பிடித்தோம்.

ராக்காயி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அப்பனும் ஆத்தாளும் செத்த பிறகு லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தாள்.

1961இல் குணபூசணி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். எங்கள் பெரிய கிளாக்கர் மகாலிங்கம் அவருக்கு மாமா முறை. அவர் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்த டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்து பெண்களுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கினார். அம்மா மீனம்மாவோடு நானும் போனேன். எனக்கு அப்போது பதினாறு வயது.

வாரம் முழுக்கக் கொழுந்து பறித்த கைக்குப் பென்சில் பிடிப்பது பாடாக இருந்தது. மூன்றாவது வாரமே பாதிப் பேர் வரவில்லை. டீச்சர் ஒரு யோசனை செய்தார். காலேஜில் தாம் படித்த, நூறு வருஷத்துக்கு முந்திய ஓர் இங்கிலாந்து நாவலைக் கொண்டுவந்து, வாரம் ஒரு பகுதியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். அதற்கப்புறம் உட்கார வாங்குப் பலகை போதவில்லை.

கதையில் ஒரு பெரிய மாளிகை. புருஷனை இழந்த ஒரு துரைசாணி. அவளுக்கு ரூபர்ட் என்று ஒரு மகன். வீட்டில் மேபல் என்று ஓர் அநாதைப் பெண் குழந்தை வளர்கிறது, துரைசாணி இரக்கப்பட்டு எடுத்தது என்று ஊரே புகழ்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள டோர்க்கஸ் என்று ஒரு வேலைக்காரி. அம்மா வாயில் அது தோர்க்காயி என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், ராக்காயியும்.

யார் யாருக்கு என்ன உறவு என்று எங்களுக்குக் குழம்பியது. டீச்சர் கரும்பலகையில் பெயர்களை எழுதி உறவுகளுக்குக் கோடு இழுத்தார். துரைசாணிக்கும் ரூபர்ட்டுக்கும் ஒரு கோடு. துரைசாணிக்கும் மேபலுக்கும் ஒரு புள்ளிக் கோடு, வளர்ப்புப் பிள்ளை என்பதால். டோர்க்கஸ் கீழ் மூலையில் கோடே இல்லாமல் கிடந்தாள்.

அன்றைக்கு மேபலுக்குக் காய்ச்சல் வந்த கட்டம். டோர்க்கஸ் மூன்று நாள் சாப்பிடாமல் கட்டிலடியில் கிடந்தாள் என்று டீச்சர் சொன்னபோது ராக்காயி எழுந்தாள்.

"இதுல ஒரு கோடு குறையுதுங்க டீச்சர்."

"எங்கை அக்கா? வந்து காட்டுங்கோ."

ராக்காயிக்குத் தன் பெயரே இன்னும் முழுதாக எழுத வரவில்லை. சாக்குக் கட்டியை வாங்கி, டோர்க்கஸிலிருந்து மேபலுக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள். கட்டி உடைந்து கீழே விழுந்தது.

"ஐயோ அக்கா! நான் கடைசியிலை சொல்லுவமெண்டு வைச்சிருந்தனான். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"எசமான் வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல்னா வேலக்காரி ஒரு நாளு அழுவா. மூணு நாளு திங்காம எவ கெடப்பா?"

டீச்சர் சந்தோஷத்தில் கைதட்டினார். வேறு யாரும் கைதட்டவில்லை. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த அறையில் விஷயம் தெரியாதவர் டீச்சர் ஒருவர்தான்.

மூன்று வாரம் கழித்துக் கதை முடிந்தது. மேபல் வளர்ந்து ஒரு கனவானைக் கட்டிக்கொண்டு போகிறாள். டோர்க்கஸ் இருபது வருஷம் யாரிடமும் சொல்லாமல் அதே வீட்டில் சாகிறாள். மேபலுக்குத் தகப்பனான ரூபர்ட் அவள் கல்லறையில் "இவளைப் போல் விசுவாசமான ஊழியக்காரி இல்லை" என்று எழுதி வைக்கிறான். டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு பொறுமை பாருங்கோ. பிள்ளையின்ரை வாழ்க்கை கெட்டிடக் கூடாதெண்டு கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுதான் தாயன்பு."

"தூ!" என்றாள் ராக்காயி.

டீச்சர் திடுக்கிட்டார்.

"அன்பாங்க அது? பயமுங்க டீச்சர். சோத்துக்குப் பயம். வீட்ட விட்டு வெரட்டுவாங்கன்னு பயம். அத எழுதினவன் அன்புன்னு எழுதியிருக்கான். அந்த ரூபர்ட்டு நாயி பெத்த புள்ளைய எதுக்க வச்சிக்கிட்டே இருவது வருசம் சாப்பிட்டிருக்கான். அவன எவனும் ஒரு வார்த்த கேக்கலையா? அந்தப் புஸ்தகத்துல ஒருத்தருக்குமா வாயில்ல?"

"அக்கா, அது அந்தக் காலத்து…"

"எந்தக் காலம்? எனக்குப் பத்துச்சீட்டு குடுப்பேன்னு சொன்ன ஆளு செத்தே நாலு வருசமாச்சு. நான் இன்னும் யாருக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன்? சொல்லுங்க!"

டீச்சருக்கு அப்போதுதான் மெல்லப் புரிந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

ராக்காயி படியிறங்கி நேரே பெரியகங்காணி வீட்டுப் பக்கம் நடந்தாள். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். அந்த வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. நாகலெட்சுமிக்குக் கொட்டகலைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகனைப் பேசியிருந்தார்கள். இன்னும் பதினொரு நாள். அடுத்த நாளிலிருந்து மாவு இடிக்க வரும்படி ராக்காயிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முற்றத்தில் ராசம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வீரய்யா நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது மனைவியும் இரண்டு பையன்களும் உண்டு.

"நாளைக்குத்தானே வரச் சொன்னேன்?" என்றாள் ராசம்மா.

"மாவு இடிக்க வரலீங்க. பாப்பாகிட்ட பேச வந்தேன்."

ராசம்மா சுளகைக் கீழே வைத்தாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ராக்காயி, வேணாம்டி. உன் கால்ல விழுறேன். கல்யாணம் முடியட்டும். நான் அவள ஒரு கொறையும் இல்லாமத்தான வளத்தேன்?"

"வளத்தீங்க. அத நான் இல்லைங்கல. உங்ககிட்ட எனக்குச் சண்டையும் இல்ல." அவள் வீரய்யாவின் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

வீரய்யா கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "என்னத்தச் சொல்லணும்? போயி வேலயப் பாரு" என்றான்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் உடைந்தது என்று நினைக்கிறேன். அவன் அழுதிருந்தால், கெஞ்சியிருந்தால்கூட ராக்காயி திரும்பி வந்திருப்பாளோ என்னவோ. அவள் அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டாள். பிறகு போட்ட சத்தம் மூன்றாவது லயம் வரை கேட்டது. பெற்றது யார், பிடுங்கியது யார், பின்வாசல் வழியாகப் பால் கொடுத்தது யார், எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கொட்டினாள்.

நாகலெட்சுமி வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவள் முதலில் பார்த்தது ராக்காயியை அல்ல, எங்களை.

"மீனம்மாக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?" குரல் உயர்ந்தது. "தண்ணி பிடிக்கையில இவங்கள 'தள்ளி நில்லு ராக்காயி'ன்னு சொல்லியிருக்கேன். நீங்கல்லாம் பாத்துக்கிட்டு நின்னீங்க!" பிறகு ராக்காயியிடம், "நீங்களும்தான். 'சரி பாப்பா'ன்னு தள்ளித்தானே நின்னீங்க? பதினெட்டு வருசம் நின்னவங்களுக்கு இன்னிக்குத்தான் நேரம் கெடச்சதா?" என்றாள். வீரய்யாவை அவள் பார்க்கவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்தினார்கள். அந்த வாரமே ஞாயிறு வகுப்பும் நின்றது. பெண்களைக் கெடுக்கிற கதை சொல்கிறார் என்று அழகுமுத்து ஆபீஸில் முறையிட்டாராம். மகாலிங்கம் கிளாக்கர் சாவியை வாங்கிக்கொண்டார். வீரய்யாவை ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

டீச்சர் ஒருநாள் ராக்காயியின் காம்பராவுக்கே வந்தார். "நான் ஒண்டும் தெரியாமல் கதைச்சுப் போட்டன் அக்கா. என்னாலைதான் எல்லாம்" என்று அழுதார்.

"உங்களால இல்லீங்க டீச்சர். அழாதீங்க. எல்லாரும் அழுதுட்டுத்தான் சும்மா இருந்துர்றாங்க" என்றாள் ராக்காயி. டீச்சர் அடுத்த பள்ளித் தவணையில் ஊர்ப்பக்கம் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார்.

லயத்தில் ராக்காயிக்கு யாரும் ஆதரவாகப் பேசவில்லை. நல்ல இடத்துக் கல்யாணத்தைக் கெடுத்த பாவி என்றார்கள், பதினெட்டு வருஷம் அவளுக்காக உச்சுக் கொட்டிய அதே வாய்கள். நாகலெட்சுமி எஸ்.எஸ்.சி. படித்தவள் என்பதால் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். லீவில் ராசம்மாவைப் பார்க்க வருவாள். எங்கள் லயத்துக்கு முன்னால் இருக்கிற குறுக்குப் பாதையை விட்டு, சுற்றிப் போவாள்.

மூன்று வருஷம் கழித்து, 1964 கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் குறுக்குப் பாதையிலேயே வந்தாள். குடையை மடக்காமல் ராக்காயியின் வாசலில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். என்னைத் தூக்கிக்கிட்டு ஏன் ஓடிப் போகல?"

"எங்க ஓடுறது? எந்தத் தோட்டத்துல சேத்துக்குவாங்க?"

"கேட்டீங்களா? ஒரு தோட்டத்துலயாவது போயிக் கேட்டீங்களா?"

ராக்காயி "கேக்கல" என்றாள். "அது என் தப்புத்தான். அதுக்கு என்னைத் திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா மொதல்ல அவனத் திட்டிட்டு வந்து என்னைத் திட்டு."

"திட்டிட்டுத்தான் வர்றேன்" என்றாள் நாகலெட்சுமி. "அவரு பொண்டாட்டி, புள்ளைங்க முன்னாலயே கேட்டுட்டு வர்றேன்."

அதன் பிறகுதான் குடையை மடக்கினாள். உள்ளே ரொட்டி சுட்டுக் கொடுத்ததும், சம்பலில் உப்பு கூடிவிட்டது என்று அவள் சொன்னதும், உனக்கு நாக்கு நீளம் என்று இவள் சொன்னதும் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

அம்மா என்று கூப்பிட்டாளா என்றால், இல்லை. ராசம்மாதான் அவளுக்கு அம்மா. ராக்காயியை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். வந்த ஒவ்வொரு தடவையும் சண்டை நடந்தது. சாயந்தர பஸ்ஸுக்கு அவள் இறங்கிப் போகும்போது, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ராக்காயி பின்னாலேயே போவாள். ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பேசவிடமாட்டார்கள்.