மவுன தியானத்தில் என் மகன்

பாதிரியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மவுன தியானத்துக்குப் போகப்போவதாகச் சொன்னான் என் மகன். ஒரே பிள்ளை. அவன் அப்பாவும் இல்லை. இவனையும் சாமியாராக அனுப்பிவிட்டு மயிலாப்பூர் வீட்டில் நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? நானும் பேர் கொடுத்துவிட்டேன்.

"நானும் தியானம் பண்ணி எவ்ளோ நாளாச்சு" என்றேன்.

தியான இல்லம் அடையாறில் இருந்தது. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரும் யாரோடும் பேசக் கூடாது, சாடை காட்டவும் கூடாது. என் வாய் சும்மா இருக்காது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனாலும் மாதா சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத்தான் கட்டிப்போட முடியவில்லை.

சாப்பாட்டு அறையில் எதிர் வரிசையில் உட்காருவான். சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொண்டால், ஐயோ, இப்போதே துறவியாகிவிட்டானே என்று பதறுவேன். இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டால் கொஞ்சம் மூச்சு வரும். கோயிலில் எல்லாரும் எழுந்து போன பிறகும் அவன் முழந்தாளிலேயே இருந்தால், வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

தியானம் நடத்திய ஃபாதர் தினமும் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அவரிடம் மட்டும் வாய் திறக்கலாம்.

"ஜெபத்துக்கு உக்கார்றதுக்கு முன்னாடி, எனக்கு இது வேணும்னு ஆண்டவர்கிட்ட கேக்கச் சொன்னேனே. என்ன கேட்டீங்கம்மா?"

"அவர் சித்தப்படி ஆகட்டும்னு கேட்டேன், ஃபாதர்."

"சரி. நெஜமா என்ன வேணும்?"

அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டேன். "பையன் வேணாம்னு முடிவு பண்ணணும், ஃபாதர். உங்ககிட்ட என்ன சொன்னான்?"

சொல்வாரா அந்த மனுஷன்! "அத உங்க பையன்கிட்டயே கேளுங்க, மவுனம் முடிஞ்சதும்" என்று எழுந்துவிட்டார்.

கடைசி நாள் பூசை முடிந்ததும் இனிப் பேசலாம் என்றார்கள். அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி வராந்தா சந்தைக்கடை ஆனது. என் மகன் டீயோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"முடிவு பண்ணிட்டியாப்பா?"

"இல்லம்மா."

அப்பாடா என்று இருந்தது. மனசுக்குள் ஸ்தோத்திரம்கூடச் சொல்லிவிட்டேன்.

"ஜெபமே பண்ண முடியலம்மா. கண்ண மூடினா உன் மூஞ்சிதான் வருது. சாப்பிடும்போதெல்லாம் என் தட்டையே பாத்துக்கினு இருந்தியே."

"நான் ஒரு வார்த்தை பேசலையேடா!"

"பேசியிருந்தாகூடப் பரவால்ல." டீயை உறிஞ்சினான். "அடுத்த மாசம் மறுபடி வரேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். நீ வராதம்மா."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

"சரிப்பா" என்றேன்.