சாந்தகுமாரி கொடுத்த மாத்திரை

லிங்கராஜபுரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் சாந்தகுமாரிக்குத் தைராய்டு வந்து பதினோரு வருடம். அதனாலேயே அந்தத் தெருவுக்கு அவள் பாதி டாக்டர். முடி கொட்டியவர், உடம்பு பெருத்தவர் எல்லோரும் மாவு வாங்குகிற சாக்கில் அவளிடம் யோசனை கேட்பார்கள். தெரியாது என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை.

மகன் நோயலின் மனைவி சிந்து இரண்டே மாதத்தில் துரும்பாக இளைத்தாள். கை நடுங்கியது, ஃபேனுக்குக் கீழேயும் வியர்த்துக் கொட்டியது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டுக்காகப் பார்க்கும் டிஎஸ்ஹெச் மிகக் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. சாந்தகுமாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"எனக்கும் தைராய்டு கம்மின்னுதான் மாத்திரை குடுத்தாங்க. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியில எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

மறுநாளிலிருந்து தினமும் காலையில் தன் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். சிந்து விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். பாசத்தோடுதான் நின்றாள், அதில் பொய் இல்லை.

மூன்றாவது வாரம், பஸ்ஸில் ஏறும்போது சிந்து மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்கவி அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நாடித் துடிப்பு நூற்று நாற்பது.

"தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யுது. தைராய்டு கூடினா டிஎஸ்ஹெச் குறையும், ரெண்டும் எதிரெதிர். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? மறைச்சா நான் குடுக்கிற அளவு தப்பாயிடும்."

கூட வந்திருந்த சாந்தகுமாரி மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்," என்றாள் சிந்து, தலை நிமிராமல்.

தன்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்று மாமியாருக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நோயலுக்குத் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கவும் செய்தாள். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

"நான் குடுத்தேன் மேடம். என்னோட மாத்திரை, நூறு பவர். இருபது நாளா."

டாக்டர் திட்டவில்லை. அதை உடனே நிறுத்தச் சொன்னார். எழுதியதை அடித்துவிட்டு, சுரப்பியை அடக்க ஒன்று, இதயத் துடிப்பைக் குறைக்க ஒன்று என்று மாற்றி எழுதினார். இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

வெளியே ஆட்டோவுக்காக நிற்கும்போது சாந்தகுமாரி அழுதுவிட்டாள். "தெரியாம பண்ணிட்டேன்டி."

"எனக்குத் தெரியும் அத்தை. நாலாம் நாளே போன்ல பாத்தேன். இது எனக்கு ஆகாதுன்னு போட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி முழுங்கின?"

சிந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமான புதுசுல ஒரு தடவ, நீங்க குடுத்தத வேணாம்னு சொன்னேன். பத்து நாள் என்கூடப் பேசலையே நீங்க."

அன்று அவள் எதை வேண்டாம் என்றாள் என்பதுகூடச் சாந்தகுமாரிக்கு மறந்துபோயிருந்தது. பேசாமல் இருந்த பத்து நாள் மட்டும் நன்றாக நினைவிருந்தது.