பார்ட் இன்னும் வரவில்லை

அந்தக் கட்டடத்தில் அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தது எதிர்க்கடை ஜெராக்ஸ் அக்கா. மாடிப்படிக்குக் கீழே, சட்டென்று நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் இடத்தில் அவர் லேப்டாப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்துப்போன திரையோடு யாராவது வந்து நின்றால், முதல் வேலையாக டார்ச்சை எடுத்துத் திரைமேல் சாய்வாக அடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உற்றுப் பார்ப்பார். மங்கலாகவாவது படம் தெரிந்தால், "வெளக்குதான் போயிருக்கு, உயிர் இருக்கு" என்பார். ஒன்றும் தெரியாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். கொண்டுவந்தவர் முகம் தொங்கிப்போகும். இதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா அந்தப் பெயரை வைத்தாள்.

ஆள் பேச்சில் கறார். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று மனுஷர்களை இழுத்தடிக்கிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. தேறாது என்றால், "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். நாளை தருகிறேன் என்றால் நாளை அது துடைத்துவைத்துத் தயாராக இருக்கும். இந்தத் தொழிலில் இப்படி ஓர் ஆள் இருந்ததே பெரிய விஷயம். போயும் போயும் இவரா அப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு இரண்டே அறை. கடையைப் பூட்டிக்கொண்டு போனால், மறுநாள் காலை அக்காவின் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கிறவரை அவர் காதில் மனுஷக் குரல் விழாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டே நிற்பார். டிவியைப் போட்டால் இன்னும் மோசம். அதில் யாராவது சிரித்தால் அவருக்கு எரிச்சலாக வந்தது.

ஒரே மகள். வேறு ஊரில், கட்டடங்களுக்கு வரைபடம் போடும் கம்பெனியில் வேலை. அம்மா இருந்தவரை போன் அம்மா கையில்தான். இவர் நாற்காலியில் இருந்தபடியே, "என்னவாம்?" என்று கேட்பார். மனைவி பாதி சொல்வாள், பாதியை முழுங்கிவிடுவாள். அவள் போன பிறகு அப்பா, மகள் இரண்டு பேருக்கும் நேராகப் பேசத் தெரியவில்லை. "சாப்பிட்டியா?" "ம்." "வேலையெல்லாம்?" "போகுதுப்பா." அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் ஓடாது. மாதம் ஒரு தடவை மகள் கூப்பிடுவாள், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அவர் பழகிவைத்திருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அவளுடைய லேப்டாப் பார்சலில் வந்தது. "திரை கறுப்பாவே இருக்குப்பா. ரெண்டு கடையில காட்டினேன், மதர்போர்டே போச்சுங்கறாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல, நீங்க பாருங்க" என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள். பிரித்தார். துண்டில் சுற்றி, சார்ஜர் வயரை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். அச்சு அசல் அவள் அம்மா கட்டுகிற கட்டு. கொஞ்ச நேரம் அந்த ரப்பர் பேண்டை அவிழ்க்க மனசு வரவில்லை.

பட்டனை அழுத்தினார். மின்விசிறி ஓடியது, கீபோர்டில் வெளிச்சம் வந்தது, திரை மட்டும் கறுப்பு. டார்ச் அடித்தார், ஒன்றுமில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பட்டனை நன்றாக அழுத்திப் பிடித்திருந்து மறுபடி போட்டார். அசையவில்லை. அடிப்பக்கத்துச் சின்ன மூடியை மட்டும் திறந்து, ரேம் சில்லைக் கழற்றி, அதன் முனையை அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். அதே கறுப்பு. கடைசியாக மூலையில் கிடந்த பழைய மானிட்டரை இதோடு இணைத்தார். மானிட்டரில் படம் பளிச்சென்று வந்தது. ஆக மதர்போர்டு குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. அந்த இரண்டு கடைக்காரர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்மூடியை முழுசாகத் திறந்தார். மூடி திறந்து மூடுகிற கீலுக்குப் பக்கத்தில், திரைக்குப் போகும் கேபிளின் முனை பாதி கழன்று நின்றது. அழுத்திவிட்டு, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினார். திரை வந்துவிட்டது. வைத்திருந்த டீகூட முழுசாக ஆறவில்லை.

சொல்லலாம் என்று போனைக் கையில் எடுக்கிறார், அதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"பாத்தீங்களாப்பா? வேலை ஆச்சுன்னா கூரியர்ல போட்டுடுங்க. நீங்க போன்கூடப் பண்ண வேண்டாம், கூரியர்க்காரனே மெசேஜ் அனுப்பிடுவான்."

நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள், பாவம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெட்டி போய்ச் சேரும், மெசேஜ் வரும், அதோடு அடுத்த மாதம்வரை பேச்சு மூச்சு இருக்காது.

"கேபிள் போயிருக்கும்மா. பார்ட் வரணும்" என்றார்.

"எப்ப வரும்?"

"நாளைக்குத் தெரியும்."

மறுநாள் அவள் கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டு வேளை. அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டாள். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம் பொய் சொல்லாத மனுஷர், பெற்ற மகளிடம் கூசாமல் கதை அளந்தார். வந்த கேபிள் வேறு மாடலுக்கு உரியது என்றார். திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்றார். அந்த மாடலே இப்போது வருவதில்லையாம் என்று பெருமூச்சுவேறு விட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் சந்தேகம் கேட்டாள், இவர் விளக்கினார். அப்படியே பேச்சு நகர்ந்தது. அறைத்தோழியின் குறட்டை, மேலதிகாரியின் சிடுசிடுப்பு, ஒழுகும் குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தன. குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தார். மாட்டிவிட்டு, "நின்னுடுச்சுப்பா" என்றாள். அன்றைக்கு முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு நாள் அவளே, "அம்மா இருந்திருந்தா இந்நேரம் உங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா. ஊர் மெஷினையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, பொண்ணோடது மட்டும் ஆகலையான்னு" என்று அம்மா குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அம்மாவைப் பற்றி அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

கேபிள் கதை இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஜெராக்ஸ் அக்கா ஸ்க்ரூடிரைவர் கேட்டு வந்தாள். "இன்னும் பார்ட் வரலைம்மா" என்று இவர் போனில் சொல்லிக்கொண்டிருக்க, எதிரில் அந்த லேப்டாப் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. போனை வைக்கும்வரை அக்கா நகரவில்லை.

"டாக்டர், கண்ணாடியை மாத்துங்க. எனக்கே இங்கேருந்து திரை தெரியுது."

"உங்க மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிட்டுக் கத்துது. போய்ப் பாருங்க."

அவள் போகவில்லை. அவர் குனிந்துகொண்டே, "அனுப்பிட்டா கூப்பிட மாட்டா" என்றார்.

அக்காவுக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. "அதுக்காக? அந்தப் பொண்ணு அங்க யார்கிட்ட மெஷினுக்குக் கெஞ்சிக்கிட்டு இருக்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனாள்.

அவருக்கு அது தைத்தது. தைக்காமல் என்ன. கூட வேலை செய்கிறவளின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கித்தான் காலம் தள்ளுகிறேன் என்று மகளே சொல்லியிருந்தாள். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். போன் வரும். அவள் "அப்பா" என்பாள். இன்னும் ஒரே ஒரு நாள் என்று தோன்றிவிடும். புதன்கிழமை அவள், "இந்த வாரத்துக்குள்ள ஆயிடுமாப்பா?" என்று வழக்கத்தைவிட அழுத்திக் கேட்டாள். அந்த மண்டைக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? "இன்னும் ஒரு வாரமாவது ஆகும்மா" என்றார்.

வியாழக்கிழமை மதியம் போன் வரவில்லை. சாயங்காலம் வந்தது.

"அப்பா, அதை இனிமே பாக்க வேண்டாம். புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். உங்களுக்கும் எத்தனை நாள் தொந்தரவு."

"தொந்தரவெல்லாம் இல்லம்மா."

"இல்லப்பா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. தெனமும் பேசிப் பேசி எனக்கு வரணும்போல ஆயிடுச்சு. மெஷின் ரெடியானா வெள்ளிக்கிழமை நானே வந்து எடுத்துக்கலாம், சொல்லாம வந்து கடை வாசல்ல நிக்கலாம்னு இருந்தேன். லீவுகூட கேட்டு வச்சிருந்தேன். நேத்து நீங்க இன்னும் ஒரு வாரம்னீங்களா, அடுத்த வாரம் வந்துக்கலாம்னு லீவை வேண்டாம்னுட்டேன். இன்னிக்குக் காலைல பெரிய வேலை ஒண்ணைத் தலைல கட்டிட்டாங்க. அதான் மெஷின் உடனே வாங்க வேண்டியதாப்போச்சு. இனிமே நாலஞ்சு மாசத்துக்கு நகர முடியாது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை என்பது நாளைக்கு. நாளைக்கு இந்நேரம் அவள் இந்தப் படிக்குக் கீழே நின்றிருப்பாள்.

"அது வந்த அன்னிக்கே சரியாயிடுச்சும்மா."

"எது?"

"உன் லேப்டாப்."

"கேபிள் வரலைன்னீங்க? மாடல் மாறிடுச்சுன்னீங்க?"

"எல்லாம் பொய்."

"ஏம்ப்பா?"

"சரியாயிடுச்சுன்னா நீ கூப்பிட மாட்டியே. எனக்கு இங்க பேச யாரும் இல்லம்மா."

அழுதுவிடுவாள் என்று நினைத்தார். அழவில்லை, கோபப்பட்டாள்.

"நான் எவ்ளோ அலைஞ்சேன் தெரியுமா? கூட வேலை செய்றவகிட்ட ஒவ்வொரு தடவையும் லேப்டாப் கேக்கறப்போ எனக்கு எவ்ளோ கூசும் தெரியுமா?" மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது. "உங்ககிட்டயும் போன் இருக்கில்லப்பா. இந்த ரெண்டு வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டிருக்கீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு தடவைகூட இல்லை.

"நீ வேலையா இருப்பியோன்னு..." என்று இழுத்தார்.

"இருந்திருப்பேன். ஆனாலும் எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.