என் வாய் அனுப்பிய மனுஷனை ஆத்தா திருப்பிக் கொடுத்தாள்

விளக்குப் பூஜைக்குக் கூடியிருக்கும் அக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். நான் பத்துபஸ்தியில் இருக்கும் செல்வராணி. போன வருஷம் ஆடி மாதம் மூன்றாம் வெள்ளியன்று இந்தச் சந்நிதியில் விழுந்து நான் கதறியதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் யோகராஜை வெளிநாட்டு ஆள் என்று சொல்லி அரசாங்கமே இலங்கைக்கு அனுப்பிவிட்டது உங்களுக்குத் தெரியும். அதற்கு என் வாயும் ஒரு காரணம் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. அதை மறைத்துவிட்டு ஆத்தாளின் மகிமையைச் சொன்னால் அது பாதிப் பொய். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

அவர் ஜங்லிகாட் துறையில் டிங்கிப் படகுகளின் என்ஜினைப் பழுது பார்க்கிறவர். மெயின்லேண்டில், ஆந்திரா பக்கம் ஒரு கடலோர ஊரில், படகுப் பட்டறையில் மூன்று மாத வேலை என்று கூப்பிட்டார்கள். போனார். போகிற வழியில் ரயிலில் பையைப் பறிகொடுத்தார். ஆதார், தீவுக்காரர் என்று காட்டுகிற ஐலேண்டர் கார்டு எல்லாம் அதோடு போய்விட்டது. "போலீஸ்ல எழுதிக் குடுங்க" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். "ஊருக்கு வந்து பாத்துக்கலாம் செல்வி" என்றார். எதையும் வந்து பார்த்துக்கொள்கிற மனுஷன்.

அவர் தங்கியிருந்த விடுதியில், இலங்கையிலிருந்து வந்து விசா முடிந்த பிறகும் தங்கியிருந்தவர்கள் சிலர் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் சோதனை வந்தது. இவரும் தமிழ் பேசுகிறார், கையில் ஒரு காகிதமும் இல்லை. சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு நான் அபர்டீன் பஜாரில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. யாரோ ஒரு அதிகாரி, ஹிந்தியில் பேசினார். உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார், சொன்னேன். அப்புறம், "ஆத்மி கஹாங் கா ஹை?" என்றார். ஆள் எந்த ஊர் என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "சிலோன் வாலா ஹை சாப்" என்றேன்.

"பக்கா?"

"பக்கா சாப்! ஹம் லோக் சப் சிலோன் வாலே." நாங்கள் எல்லோருமே சிலோன்காரர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆமாம், சிரித்தேன். கையில் பச்சைச் சேலை ஒன்று இருந்தது.

இந்தத் தீவில் பிறந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம்? பாட்டன் எங்கிருந்து கப்பல் ஏறினாரோ அதுதான் இங்கே நம் ஊர். ராஞ்சிப் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்தவரின் பேரன் தன்னை ராஞ்சிவாலா என்பான், ராஞ்சியைப் பார்த்திருக்க மாட்டான். நாம் சிலோன்காரர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்த நம் பெரியவர்களை இந்திய அரசாங்கமே கூட்டிவந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தது. என் வீட்டுக்காரர் பிறந்தது கச்சாலில். சிலோன் என்று சொன்னால் இங்கே எந்த ஆபீசிலும் 'ஓ, சர்க்கார் குடிவைத்தவர்களா' என்று மரியாதையாகப் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில் பேசிவிட்டேன். மெயின்லேண்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை.

அதற்கப்புறம் பதினொரு நாள் அவருடைய போன் அணைந்தே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டார். "செல்வி, பதறாத. என்னையக் கொண்டாந்து கொழும்புல விட்டுட்டாங்க. இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது." அதற்குள் இரவல் போன்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார் போல, வைத்துவிட்டார். பதறாதே என்கிறார் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இங்கே வந்து விழுந்தேன். ஆனால் அன்றும் ஆத்தாளிடம் முழுசாகப் பேசவில்லை. "என் புருஷனைக் கொடு, கொடு" என்றுதான் கேட்டேன். நான் என்ன சொன்னேன் என்பதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை.

நம் கோயில் கமிட்டி அண்ணன்தான் ஒரு வங்காளி வக்கீல் அம்மாவிடம் கூட்டிப்போனார். அக்கா என்கிற மாதிரி, வக்கீல் தீதி என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். கல்கத்தாவிலிருந்து ஜட்ஜ்மார் முறை வைத்து வந்து இங்கே உட்கார்ந்து விசாரிப்பார்கள், உங்களுக்கே தெரியும். முதல் தடவையே உத்தரவு கிடைத்தது. இவர் இந்தியர்தானா என்று இரண்டு வாரத்தில் விசாரித்துச் சொல்லுங்கள், இந்தியர் என்றால் உடனே கூட்டிவாருங்கள் என்று அரசாங்கத்துக்கு உத்தரவு.

ஆத்தா கொடுத்துவிட்டாள் என்று குதித்தேன். சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லோருக்கும் கொடுத்தேனே, சாப்பிட்டீர்களே! கோர்ட் சொன்னால் மறுநாள் காலையில் ஆள் வாசலில் நிற்பார் என்று நினைத்த முட்டாள் நான்.

இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரமும் போனது. எங்கள் வீடு ஏர்போர்ட் பக்கம். ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். கொழும்பில் அவர் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டு, வாரா வாரம் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்களும் நீ எங்கள் ஆள் இல்லை என்கிறார்களாம். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. திடீரென்று இழுத்துக்கொண்டு போய் ஜெயிலில் போட்டால் என்ன செய்வேன்? சாப்பிட உட்கார்ந்தால் அதே நினைப்பு, குளிக்கப் போனால் அதே நினைப்பு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன், அது பொங்கி வழிந்து தீய்ந்த பிறகு தெரியும்.

நாலாவது வாரம் அரசாங்கம் பதில் போட்டது. நாங்கள் கொடுத்த ஆதார் நகல் குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று எழுதியிருந்தார்கள். பேரையே ஆதார் என்று வைத்துவிட்டு! அவருடைய பிறப்புச் சான்றிதழும் மாமனார் சிலோனிலிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டையும் எங்கே என்று கேட்டிருந்தார்கள். சுனாமியில் கச்சால் வீடே போய்விட்டது, காகிதத்துக்கு எங்கே போவேன்? அதெல்லாம் பரவாயில்லை. கடைசிப் பாராவில் ஒன்று இருந்தது. அவர் இலங்கைக்காரர் என்பதை அவருடைய மனைவியே போனில் உறுதி செய்தார் என்று எழுதியிருந்தார்கள்.

தீதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "செல்வராணி, யே சச் ஹை?"

உண்மையா என்று கேட்கிறார். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் கண்ணை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்திருப்பார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். யோசித்து வந்து சொல்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு வேறு காகிதக் கட்டை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம், கோயிலில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தேன். ஆத்தா முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாக முழுக்கச் சொன்னேன். "நான்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். என்னைய என்ன வேணும்னாலும் பண்ணு. அந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவரு. நான் சொன்னது எந்த அர்த்தத்துலன்னு அந்தக் கோர்ட்டுல யாராச்சும் ஒருத்தர் சொல்லணும் தாயே. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீ யார் வாயிலயாச்சும் வந்து சொல்லு."

வேண்டிக்கொண்டது இவ்வளவுதான். அப்படியே எழுந்து தீதியிடம் போனேன். "சச் ஹை தீதி" என்றேன். அவர் திட்டவில்லை. "நல்லவேளை, என்னைக் கோர்ட்டில் பொய் சொல்ல வைக்காமல் விட்டாய்" என்றார். நான் சொன்னதை நானே பிரமாணப் பத்திரத்தில் ஒத்துக்கொண்டு, இங்கே அதற்கு என்ன அர்த்தம் என்றும் எழுதினோம். கையெழுத்துப் போட்டேன். இதோடு அவரை நானே முழுசாக அனுப்பிவைத்தேனோ என்று பயம்.

விசாரணை நாள். ஜட்ஜ் புதியவர், அந்த வாரம்தான் கல்கத்தாவிலிருந்து வந்திருந்தார். அரசாங்க வக்கீல் என் வாக்குமூலத்தைக் கையில் தூக்கிக் காட்டி, "மனைவியே ஒத்துக்கொண்டுவிட்டார், இதற்கு மேல் என்ன வேண்டும்" என்கிற மாதிரி இங்கிலீஷில் பேசினார். தீதி எழுந்து, தீவில் இப்படித்தான் பேசுவார்கள் என்றார். அதற்கு என்ன சாட்சி என்று ஜட்ஜ் கேட்டார்.

அரசாங்கத் தரப்பில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். ஜட்ஜுக்கு என்ன தோன்றியதோ, அவரைப் பார்த்து ஹிந்தியில், "ஆப் கஹாங் கே ஹைங்?" என்றார். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்.

அந்த மனுஷன் நிமிர்ந்து நின்று, கணமும் யோசிக்காமல், "ராஞ்சி, சார்" என்றார்.

"ராஞ்சியிலிருந்து எப்போது வந்தீர்கள்?"

"வந்ததா? நான் ராஞ்சிக்குப் போனதே இல்லையே சார். இங்கேதான் பிறந்தேன்."

கோர்ட் முழுக்கச் சிரிப்பு. ஜட்ஜும் சிரித்துவிட்டார். அரசாங்க வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எதிர்த்தரப்பு ஆளின் வாயில் வந்து பேசியது யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தற்செயல் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். நான் வேண்டிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

சுனாமியில் போன காகிதத்தைக் கேட்டு ஒரு மனுஷனை வெளியே நிறுத்தக் கூடாது, நாலு வாரத்தில் அவரை அரசாங்கச் செலவில் கூட்டிவர வேண்டும், கூட்டிவந்ததைக் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்று உத்தரவானது.

இந்தத் தடவை பொங்கல் வைக்கவில்லை. வைக்காததும் நல்லதுதான். நாலு வாரம் கழித்துக் கோர்ட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கடிதம் எழுதியிருக்கிறோம் என்றார்கள். இந்த ஆபீஸ் அந்த ஆபீசுக்கு எழுதியதாம், அந்த ஆபீஸ் டில்லிக்கு எழுதியதாம், டில்லியிலிருந்து இன்னும் பதில் இல்லையாம். அனுப்பும்போது ஒரு கடிதமும் வேண்டியிருக்கவில்லை. ஜட்ஜுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் ஆள் வரவில்லை என்றால் பெரிய அதிகாரியே நேரில் வந்து நிற்க வேண்டும், கோர்ட் அவமதிப்பு எடுப்பேன் என்று சொன்னார்.

அந்த ஒரு வாரம் நான் உயிரோடு இருந்தது பெரிய விஷயம். தினமும் காலையும் மாலையும் இங்கே வந்து பதினோரு சுற்று சுற்றினேன். வியாழக்கிழமை அவரிடமிருந்து போன். பயணத்துக்கான காகிதம் கையில் கொடுத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை சென்னையில் இறங்கினார். இறங்கினவரை ஒரு அறையில் உட்காரவைத்து ஐந்து மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்த ஐந்து மணி நேரமும் எனக்கு ஒரு தகவலும் இல்லை. திரும்பவும் அனுப்பிவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை இங்கே வருகிற விமானம். ஏர்போர்ட் வாசலில் போய் நின்றேன். மழை என்றால் அப்படி ஒரு மழை. விமானச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது, சுற்றியது, இன்னொரு தடவை சுற்றியது, பிறகு அப்படியே தேய்ந்து போய்விட்டது. இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பிவிட்டதாம். "ஏண்டி ஆத்தா, என்கூட விளையாடுறியா?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். தப்புத்தான். அவளுக்கு என் குணம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வெயிலில் இறங்கினார். கோர்ட் கொடுத்த கெடுவுக்கு ஒரு நாள் முன்பு. பாதி உடம்பாக இருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். நான் நினைத்துவைத்திருந்தது ஒன்றையும் பேச முடியவில்லை. ஆட்டோவில் நேரே இங்கே வந்து ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இன்றைக்கு மைக் கேட்டு வாங்கினேன்.

அவரைச் சாப்பிட வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, "உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அதிகாரி போன் பண்ணப்ப..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தட்டைப் பார்த்தபடியே, "தெரியும் புள்ள" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவரு போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனாரு. நான் பக்கத்துலதான நின்னேன். நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன."

இத்தனை மாதம் எத்தனை தடவை போனில் பேசினார், ஒரு தடவை கூடக் கேட்கவில்லையே. "எம்மேல கோவம் வரலியாங்க?" என்றேன்.

"கோவமா? அதுக்கப்பறம் பதினோரு நாளு என்னையத் தனியாப் போட்டு வச்சிருந்தாங்க, தமிழ்ல ஒருத்தரும் எங்கிட்ட நல்லபடியாப் பேசல செல்வி. படுத்தா நீ சிரிச்சதுதான் காதுல கேட்டுச்சு. அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குனேன்." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

நான் எதை நினைத்து நடுங்கினேனோ, அதை வைத்தே ஆத்தா அவரை அங்கே காப்பாற்றி வைத்திருந்திருக்கிறாள். இதற்கு மேல் எனக்கு என்ன அற்புதம் வேண்டும், சொல்லுங்கள்.

இப்போது வெள்ளி தோறும் பூஜை முடிந்ததும் நம் பெண்கள் வீட்டுக் காகிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஜெராக்ஸ் எடுத்து, தீதியிடம் கூட்டிப்போய், இல்லாததற்கு விண்ணப்பம் போட வைக்கிறேன். முன்னே மாதிரி வாய்க்கு வந்ததைப் பேசுவதில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

அக்காமாரே, உங்களில் யாராவது ஒன்றை நெஞ்சுக்குள் பூட்டிவைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் அவளிடம் வேண்டிக்கொண்டிருந்தால், வெட்கப்படாதீர்கள். மத்தியானம் இங்கே கூட்டம் இருக்காது. வந்து உட்கார்ந்து முழுசாகச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.