செல்வம் கழற்றிய டம்மி கார்டு

சர்வர் என்பது ஓர் அலுவலகத்தின் தலைமைக் கம்ப்யூட்டர். அது படுத்தால் அலுவலகமே படுத்துவிடும், அதைத் திறந்தவனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொள்வார்கள். தொண்ணூறுகளில் மைசூரில் அதற்கு மெமரியும் ப்ராசசரும் மாற்றுவது என் பிழைப்பு. இதே பிழைப்பில் இருந்தவர்களே, உங்கள் ஆபீசிலும் ஒரு செல்வம் இருந்திருப்பான். எங்கள் செல்வம் ஹனூர்க்காரன், எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். அந்த வருடம் சென்னைப் பயிற்சிக்கு எங்கள் இருவரில் ஒருவரைத்தான் அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

கட்டைவிரல்

மண்டி மொஹல்லாவில் ஒரு மருந்து மொத்த வியாபாரி. மெமரியின் பித்தளைப் பற்களை ரப்பரால் துடைத்து, ஜோடி பார்த்துச் செருகினேன். சர்வர் 'பீப் பீப்' என்று அழுதது. கழற்றினேன், துடைத்தேன், செருகினேன். ஒரு மணி நேரம் அழுதது. அந்தப் பக்கமாக வந்த செல்வம் எட்டிப் பார்த்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். 'டக்'. அழுகை நின்றது. வியாபாரி கன்னடம் கலந்த தமிழில் என்னிடம் ரொம்ப அன்பாகச் சொன்னார்:

"அடுத்த தடவை நேரா செல்வத்தையே அனுப்பிடுங்க சார். உங்களுக்கு எதுக்கு சும்னே சிரமம்?"

தீப்பெட்டிகள்

கழற்றிய ஸ்க்ரூக்களை நான் காலித் தீப்பெட்டிகளில் போட்டு, மேலே எண் எழுதி வைப்பேன். செல்வம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கொள்ளேகால் பட்டு ஆலையின் சர்வருக்கு இரண்டாவது ப்ராசசர் போடும் வேலையும் அவனுக்கே போனது. ப்ராசசர் இல்லாத இடத்தில் ஒரு டம்மி கார்டு செருகியிருக்கும். அதைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் எறிந்தான். நான் எடுத்து, ஆலையின் பெயர் எழுதி, டிராயரில் வைத்தேன். எங்கள் டைப்பிஸ்ட் மேடம் சிரித்தார்:

"குப்பைக்குக்கூட நாமகரணம் பண்றீங்களே சார்!"

கொள்ளேகால் போன்

நான்கு மாதம் கழித்து செல்வம் அந்த ஆலையிலிருந்து போன் செய்தான். "அண்ணா, ரெண்டாவது ப்ராசசர் போயிடுச்சு. கழட்டிட்டேன். இப்ப மெஷின் எந்திரிக்கவே மாட்டேங்குது."

எனக்கு உடனே புரிந்தது. காலி இடத்தில் டம்மி கார்டு இல்லாவிட்டால் அந்த வகை சர்வர் எழுந்திருக்காது. "பார்க்கறேன்" என்று சொல்லி போனை வைத்தேன். நிதானமாக ஒரு காபி குடித்தேன்; அவ்வளவு ருசியான காபியை நான் குடித்ததில்லை. சென்னை என் டிராயரில் இருந்தது. கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆலையில் தறிக் கணக்கு, சம்பளம் எல்லாம் நின்று கிடந்தன. முதலாளியின் கண் முன்னால் கார்டைச் செருகினேன். திரையில் மெமரி எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது. நான் நிமிர்வதற்குள் செல்வம் முந்திக்கொண்டான்: "நான் தூக்கிப் போட்டதுங்க. அண்ணாதான் பத்திரமா எடுத்து வெச்சிருந்தாரு."

முதலாளி அவன் தோளைத் தட்டினார். அன்று மாலையே மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னார்:

"ஒரு போன்ல ஆளையும் சாமானையும் வரவெச்சுப்போட்டு, பேரை அடுத்தவங்களுக்குக் குடுக்கறாரு பாருங்க! தம்பிக்கு என்ன மனசுங்க!"

சென்னைக்குச் செல்வம்தான் போனான். அவன் கழற்றிப் போடுவதற்கெல்லாம் பெயர் எழுதி வைக்க மைசூரில் ஓர் ஆள் வேண்டுமல்லவா?