வெளிப்பக்கம் திறக்கும் கேட்

எங்கள் மகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு வீட்டு வாசலைக் கண்டாலே பயம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன், எங்கள் தெருவின் கடைசி வரை பின்பக்கமாகவே வந்து நிற்கும். அந்தக் கடைசி வீடுதான் எங்களுடையது. வாசலில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்குச் சிமெண்டுத் தளம். இரண்டு பக்கமும் சுவர் உண்டு. தெருவைப் பார்த்த பக்கம் திறந்து கிடந்தது. அதைத் தாண்டினால் வாறுகாலில் சாக்கடை ஓடும். அதன்மேல் ஒரு கல், அப்புறம் ரோடு. போதாததற்குத் தளத்தின் மூலையிலேயே குழாய்க்குழி. எங்கள் ஊரில் தண்ணீர் மேலே ஏறாது என்று குழி தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே வைத்திருப்போம். பெரியவர்களே கால் தவறி விழுந்திருக்கிறார்கள்.

பிள்ளையை உள்ளேயே வைத்துக்கொள் என்று சொல்வது சுலபம். ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வீடு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பத்து மணிக்கு மேல் உள்ளே இருந்தால் வெந்துபோவோம். அவள் நடந்து பழக அந்தத் தளத்தை விட்டால் வேறு இடமில்லை.

குழிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினோம். சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளை நானே பிடுங்கினேன். கேட் போடும்போதுதான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்க்கிறவர். அங்கே கதவெல்லாம் வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் தாழ்ப்பாள் போடக் கூடாது, வாசலை அடைத்து ஒரு அட்டைப்பெட்டிகூட வைக்கக் கூடாது. தீப்பொறி கண்டதும் யோசிக்காமல் ஒரே ஓட்டமாக வெளியே விழ வேண்டும். அவர் இருபது வயதில் அப்படி விழுந்துதான் உயிர் பிழைத்தார். பக்கத்து அறையில் வேலை பார்த்த கூட்டாளியின் கதவுக்கு முன்னால் யாரோ சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை இதைச் சொன்னார். அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் அளவெடுக்க வந்தபோது, "கேட்டு வெளிப்பக்கம் திறக்கணும். தாழ்ப்பாள் வேண்டாம்" என்றார் இவர்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "தாழ்ப்பாள் இல்லாம கேட்டு எதுக்கு? பேசாம ஒரு கோலத்தப் போட்டு, இதத் தாண்டாதன்னு பாப்பாகிட்ட சொல்லிருவோமா?"

"சிரிக்காத. சுவத்துக்கு அங்கிட்டு என்ன நடக்குன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த வீட்டில் கருந்திரி வெட்டுகிறார்கள். வெடிக்கு வைக்கிற திரி அது, வீட்டில் வைத்துச் செய்யவே கூடாதது. தெருவுக்கே தெரிந்த விஷயம், யாரும் கேட்பதில்லை. ஆனாலும் ரோட்டில் ஓடுகிற வேன் என் கண் முன்னால் ஓடுகிறது. அந்தத் திரி என்றைக்கோ ஒரு நாள் பற்றலாம், பற்றாமலும் போகலாம். அதைத்தான் நான் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

கடைசியில் பீரோக் கதவில் இருக்குமே, அந்த மாதிரிக் காந்தம் வைத்தோம். அது கேட்டை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பெரியவர்கள் தள்ளினால் விட்டுவிடும். பாப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தித் தள்ளச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் தள்ளினாள், நெற்றியை வைத்து முட்டினாள். கேட் அசையவில்லை. "பாத்தியா?" என்றார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். பாப்பா வெறுங்கையோடு நின்று தள்ளியதைத்தான் நாங்கள் பார்த்தோம். அவளுக்கு ஒரு நடைவண்டி இருந்தது. அது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மேகம் கூடி, தூரத்தில் இடி உருண்டது. இடி கேட்டால் கம்பெனிகளில் வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற எனக்கு இது தெரியாதா? ஆனால் இடி கேட்டதும் எனக்குப் பின்பக்கக் கொடியில் காய்கிற துணிதான் நினைவுக்கு வந்தது. பாப்பா வாசலில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள், கேட் சாத்தியிருந்தது. நான் பின்பக்கம் போனேன்.

பாதித் துணியைக்கூட எடுத்திருக்க மாட்டேன். வேன் ரிவர்ஸ் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. சாயங்காலம் வர வேண்டிய வேன். அதன்மேல், யாரோ தகரத்தை இரண்டு கையாலும் ஓங்கி அறைகிற சத்தம். "நிப்பாட்டு, நிப்பாட்டுலே" என்று ஒரு குரல். என் வீட்டுக்காரர் குரல்தான். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

துணியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு ஓடினேன். கேட் வெளிப்பக்கமாக முழுசாகத் திறந்து கிடந்தது. வேனின் பின்சக்கரத்துக்கு அடியில் நடைவண்டியின் கைப்பிடி முறிந்து கிடந்தது. பிள்ளையைக் காணவில்லை. சக்கரத்துக்குக் கீழே பார்க்க வேண்டும், என்னால் குனிய முடியவில்லை.

அவர் வேனின் பின்கதவைத் திறந்து குதித்து, அப்படியே ரோட்டில் படுத்து வண்டிக்கு அடியில் கையை விட்டார். எதிர்வீட்டு மதினி கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவர் பிள்ளையை ஒரு காலைப் பிடித்து இழுத்தார். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், வண்டியின் வயிற்றுக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கீறல்கூட இல்லை. வெளியே வந்தபிறகுதான் அழுதாள். அவர் கையில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடி அவள் கவுனெல்லாம் வெள்ளியாக அப்பியிருந்தது.

அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். சொல்வதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. அவர் வாறுகால் ஓரத்தில் குத்தவைத்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் அவரே போய்ப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தார். "உள்பக்கம் திறக்கிற மாதிரி மாத்திருங்க. தாழ்ப்பாளும் வச்சிருங்க" என்றார். பட்டறைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. தாழ்ப்பாளைப் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொடுத்தார். அதைப் போட்டதும் எனக்குப் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு வந்தது. அவருக்கு இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாசலில் இருந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து திடீரென்று டமார் என்று ஒரு சத்தம். என்ன ஏது என்று நான் யோசிக்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் நகரவில்லை. இழுக்கிறேன், ஆட்டுகிறேன், புதுசு, பெயின்ட் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. நகர்ந்தபோது, பழக்கத்தில் கேட்டை வெளியே தள்ளினேன். அது உள்ளே திறக்கிற கேட் என்று நினைவு வர இன்னும் கொஞ்சம் ஆனது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. அண்டா உருண்டு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்குப் பின்னாலேயே, கையை நீட்டியபடி, வெளுத்துப்போய் நின்றார்.

"எம்புட்டு நேரம் ஆச்சு பாத்தியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தாழ்ப்பாளில் விட்டார். ஓசையில்லாமல் வழுக்குகிற வரைக்கும் இழுத்து இழுத்து விட்டார். பிறகு அதைப் போட்டுவிட்டு நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.

"பிள்ளைய இடது பக்கம் வச்சுக்க. கண்ண மூடிக்க. புகையில கண்ணு தெரியாது. இப்பத் திற."

திறந்தேன்.

"மறுபடியும் போடு. மறுபடியும் திற."

பாப்பாவுக்கு அது புது விளையாட்டு. ஒவ்வொரு தடவை கேட் திறக்கும்போதும் கையைத் தட்டிச் சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தாழ்ப்பாளைத் தேடினேன்.