மின்சாரம் போனபோது கேட்ட "ம்"

இன்று, வியாழக்கிழமை, முற்பகல் பதினோரு மணியளவில் நடந்தது. கோவில்பட்டியில் உள்ள குழந்தைப்பேற்றுச் சிகிச்சை மருத்துவமனைக்கு மருமகளுடன் சென்றிருந்தேன்.

அவளுடைய கருக்கள் இரண்டு அங்கே ஆய்வகத்தில் வளர்கின்றன. சனிக்கிழமை கருப்பையில் வைப்பதாக ஏற்பாடு. முன்பு இருமுறை நிலைக்கவில்லை.

"இன்னைக்கு நாலாவது நாள், மாமா" என்றாள்.

"மூணாவது நாள்மா. முட்டை எடுத்த திங்கக்கிழமையைக் கணக்குல சேக்கப்படாது" என்று திருத்தினேன்.

அப்போது மின்சாரம் போயிற்று. சன்னல் இல்லாத அந்தக் கூடம் முற்றிலும் இருண்டது. காத்திருந்த தம்பதியர் ஒருவரும் இருமக்கூட இல்லை.

"யாரும் பதறாதீங்க, உள்ள பேட்டரி ஓடுது" என்றார் செவிலியர்.

மருமகள் எழுந்து, தடவிச் சென்று ஆய்வகக் கதவின் அருகே நின்றாள்.

"பயப்படாதீங்க கண்ணுகளா. அம்மா இங்கனதான் நிக்கேன்."

"ம்."

கதவுக்கு அந்தப்புறமிருந்து வந்தது அக்குரல்.

விளக்கு எரிந்தது. ஆய்வக ஊழியர் சாவியுடன் படியேறி வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே ஆளில்லை.

"கேட்டியளா, மாமா?"

"ஜெனரேட்டர் சத்தம்மா."

"ஜெனரேட்டரே போடலியே!" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து, வரும் ஆவணியோடு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

அந்நேரம் அங்கிருந்த எவரேனும் இதைப் படித்தால், "ம்" என்றது தாங்கள்தான் என்று எனக்குத் தனியே எழுதுங்கள். நான் நிம்மதியாக உறங்குவேன்.

தயவுசெய்து என் மருமகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.